வலப்பக்கத்து எண்

ஓக்கிப் புயலுக்கு அடுத்த வருடம், ரப்பர் ஷீட் கிலோ நூற்றிருபத்தாறுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், கருங்கல் சந்தையிலிருந்து பாலப்பள்ளம் போகும் சாலையில் இருந்த எல்லாப் பொருளுக்கும் எல்லா ஆளுக்கும் வலப்பக்கத்தில் எண் முளைத்தது. அச்சில் வந்தது போன்ற சிறிய கறுப்பு எண், இருபுறமும் அடைப்புக்குறி. வீடென்றால் அதன் வலது மூலையை ஒட்டிக் காற்றில் நின்றது. மனிதரென்றால் வலது தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. நடந்தால் கூடவே நடந்தது, குளித்தால் நனையவில்லை. துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. கையை விட்டுப் பார்த்தார்கள், கை அந்தப் பக்கம் போய்ச் சும்மா திரும்பி வந்தது. போனில் படம் பிடித்தால் மட்டும் விழவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த டிவிக்காரர்கள், கண்ணுக்குத் தெரிந்தாலும் கேமராவில் தெரியாததைச் செய்தியில் போட முடியாது என்று சொல்லி, சந்தையில் ஆளுக்கொரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

நாலுவழிச் சாலைக்கு அளக்கிறவர்களின் வேலைதான் இது என்று ஊர் முடிவு கட்டியது. இந்த மாவட்டத்தில் மரத்திலும் மதிலிலும் எண் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மரம் மூட்டோடு போகும், வீடு பாதியாகப் போகும். ஹார்டுவேர் கடை தங்கப்பன் தன் அயினி மரத்துக்குச் சாக்கு சுற்றினார். எண் சாக்குக்கு வெளியே வந்து நின்றுகொண்டது. கூட்டமாகப் போய் மனு கொடுத்தார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படிச் சொன்னதாலேயே சம்பந்தம் இருப்பது உறுதியாயிற்று. அதன் பிறகுதான் தங்கப்பன் ஆத்திரத்தில், தன் கடைக்கும் அடுத்த மருந்துக்கடைக்கும் இடையே ஒரு கோழிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். கூட்டுக்கு ஒரு எண் வந்தது. அதற்கு அப்பால் இருந்த கடை, வீடு, மின்கம்பம், சிலுவை நிற்கும் குருசடி எல்லாம் தங்கள் எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டன. கூட்டை எடுத்தார், எல்லாம் பழையபடி இறங்கின. வைத்தார், எடுத்தார், வைத்தார். பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அன்றைக்கு ஊருக்கு ஒன்று விளங்கியது: அரசாங்கம் தான் போட்ட எண்ணை இத்தனை மரியாதையாகத் திருத்தாது.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது வாயைத் திறக்காத ஒரே ஆள் லிஜா கம்ப்யூட்டர்ஸ் ஷைஜா. மகள் பெயரில் கடை வைத்து, பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜக்டையும் ஆராய்ச்சிக்காரர்களின் தீசிஸையும் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். ஷைஜா சந்தேகப் பிறவி. கண்ணெதிரே கறந்த பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். சபையில் ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடும்போது இவளுடைய ஒரு கண் பாதி திறந்தே இருக்கும். ஆண்டவருக்கும் அது பழகிப்போயிருக்க வேண்டும். எண் முளைப்பதற்கு முந்தின வாரம், நெய்யூரில் வீடுள்ள கணக்கு விரிவுரையாளர் ஜினோ ஒரு பென்டிரைவோடு அவள் கடைக்கு வந்திருந்தார்.

“இனி தீசிஸ் எல்லாம் இதுல தான் அடிக்கணும் அக்கா. இந்த எடிட்டர் சும்மா கெடைக்கும்” என்றார்.

“சும்மான்னா?”

“காசு கெடையாது.”

“ஆராக்கும் இத செய்தது?”

“வெளிநாட்டுல கொறே பேரு சேந்து எழுதினது. ஆரு கேட்டாலும் குடுப்பாவ.”

“என்னத்துக்கு?”

அந்தக் கேள்வியை ஜினோவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. “அது அவியளுக்க ஒரு நல்ல மனசு” என்று இழுத்தார்.

“சும்மா குக்கர் தாறேன்னு ஒருத்தன் சந்தைல பந்தல் போட்டது மறந்துபோச்சா சாரே? அவனும் நல்ல மனசுக்காரன் தான். கடைசில ஊருக்க பாதி நகைய வாரிட்டு போனான்.”

ஆனாலும் கல்லூரி சொன்னால் மறுக்க முடியுமா? வாங்கிப் போட்டாள். போட்ட கையோடு நெட் ஒயரைப் பிடுங்கினாள்; கம்ப்யூட்டரின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினாள்; ஊர்க்காரியம், வீட்டுக்காரியம் எதையும் இதில் அடிப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள். சாதனம் என்னவோ குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. இடப்பக்கம் சாய்கோடும் வளைவுமாக எதையோ அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால், வலப்பக்கம் புத்தகத்தில் உள்ளதுபோல் பக்கம் வந்து விழும். சமன்பாடுகளுக்கு அதுவே வலது ஓரத்தில், அடைப்புக்குறிக்குள், எண் போடும். நடுவில் ஒரு சமன்பாட்டைச் சேர்த்தால் கீழே உள்ளதெல்லாம் தானாக ஒன்று தள்ளிக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் தானாக இறங்கும். முன்பெல்லாம் இந்த ஒரு வேலைக்கு அவள் கண்ணெரிய உட்கார்ந்திருப்பாள். இத்தனை உபகாரத்துக்கு என்ன கேட்கப்போகிறானோ என்ற பயம் அவளுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. கோழிக்கூட்டைத் தங்கப்பன் வைத்து எடுத்து விளையாடியபோது, மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்த ஷைஜாவுக்கு, இது தன் கடையில் இருக்கும் சாதனத்தின் வேலைதான் என்று விளங்கிவிட்டது. அவளுக்குத் துளியும் சந்தேகமில்லாமல் ஒரு விஷயம் தெரிந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெளியே சொன்னால் கடையை உடைத்துவிடுவார்கள். சொல்லவில்லை.

வீட்டில் அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. அவள் கணவன் அனீஷ் எலக்ட்ரீஷியன் வேலைக்குக் கல்ஃபுக்குப் போனவன். ஓக்கி அடித்த மறுநாள் கூப்பிட்டு, வீட்டு மேல் தென்னை விழுந்ததா என்று கேட்டான், அதுதான் கடைசி. பிறகு போனும் இல்லை, ஆள்வசம் ஒரு சொல்லும் இல்லை. கம்பெனியை விட்டு ஓடிவிட்டான் என்று ஒருவர் சொன்னார், ஜெயிலில் இருக்கிறான் என்று இன்னொருவர் சொன்னார், செத்துப்போயிருப்பான் என்று சொல்லத் தைரியமில்லாதவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஷைஜாவுக்கு இருந்த சந்தேகம் வேறு. அதை அவள் தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டின் எண் நாற்பத்தொன்று. மாமியார் நேசபாயின் தோளருகே (41.1) நின்றது. ஷைஜாவின் தோளருகே (41.3). மகள் லிஜாவுக்கு (41.4). நடுவில் (41.2) இல்லை. வெளிநாட்டில் ஆள் உள்ள எல்லா வீட்டிலும் இப்படி ஒரு இடைவெளி இருந்தது. இங்கே இல்லாவிட்டாலும் ஆள் கணக்கில் உண்டு என்பது மெல்ல எல்லாருக்கும் புரிந்தது. தங்கப்பனின் மகன் ரதீஷ் மஸ்கட்டில் வண்டி மோதி இறந்த அன்று, போன் வந்தது பதினொரு மணிக்கு. ஆனால் காலையிலேயே அவன் தங்கை இந்துஜாவின் எண் ஒன்று இறங்கி, அண்ணனின் எண்ணாகிவிட்டிருந்தது. தாய் சொர்ணம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள்; பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கருங்கல்லில் எழுந்ததும் முதல் வேலை வீட்டாரின் தோளைப் பார்ப்பது என்றாகிவிட்டது. நேசபாய் கண் விழித்ததும் ஷைஜாவைக் கூப்பிடுவாள். “கொஞ்சம் திரும்பி நில்லு பிள்ளே, எனக்க மவன பாக்கட்டு” என்பாள். (41.3) இருக்கும். “ஸ்தோத்திரம்” என்பாள். ஷைஜாவும் குழாயடிக் கண்ணாடியில் அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். சும்மா கிடைத்த சாதனம் சொல்வதை நம்பலாமா என்று ஒரு மனசு கேட்கும். நம்பாமல் எப்படி இந்த நாளைக் கழிப்பாய் என்று இன்னொரு மனசு கேட்கும்.

வருடங்கள் இப்படியே போயின. கொரோனா வந்தபோது சாலை முழுக்க எண்கள் படபடவென்று இறங்கின, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு விதியும் தெரிந்தது: வீட்டுக்குள் புதிதாக வருகிறவரின் எண், கொண்டுவருகிற ஆளின் எண்ணுக்கு அடுத்ததாகத்தான் சேரும். மருமகள் வந்தால் மகனுக்கு அடுத்து நிற்பாள், கொழுந்தன்மார் ஒன்று தள்ளிப்போவார்கள். லிஜா ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். ஏழு வருடம் தகவல் இல்லாத ஆளை இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று அனீஷின் அண்ணன் யோவான் வந்து சொன்னார். கெட்ட மனுஷன் அல்ல. அருமனையில் உள்ள குடும்பத்து ரப்பர் தோட்டம் பாகம் பிரியாமல் கிடந்தது. அவருக்கும் கட்டிக்கொடுக்க ஒரு மகள் இருந்தாள். பெண்டாட்டி வாயால் ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்.

“எனக்க தோள பாருங்க அத்தான். உசுரோட இருக்க ஆள நான் எப்பிடி இல்லண்ணு சொல்லுவேன்?” என்று ஷைஜா அனுப்பிவிட்டாள். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதே பதில். நேசபாய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

யோவான் மூன்றாம் முறை வந்துபோன மாதத்தில்தான் அது நடந்தது. ஒரு சனிக்கிழமை பல் தேய்த்துக்கொண்டிருந்த லிஜா, “அம்மா, ஒங்களுக்க நம்பர் மாறியிருக்கு” என்றாள். ஷைஜா குழாயடிக்கு ஓடினாள். இறங்கிவிட்டதென்றுதான் நினைத்தாள். கண்ணாடியில் பார்த்தால் (41.4). லிஜாவுக்கு (41.5). இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அனீஷ் உயிரோடிருக்கிறான். உயிரோடிருந்து, தனக்கு அடுத்ததாக, ஷைஜாவுக்கு முன்னால், ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

எண் தோளில் நிற்கும்போது ஒளிக்க முடியுமா? சேலைத் தலைப்பை அந்தப் பக்கம் இழுத்துவிட்டாலும் எண் தலைப்பைத் தாண்டி வந்து நின்றது. மீன் வாங்கப் போனால் மீன்காரி சாளையை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்தாள். சபையில் பின் பெஞ்சில் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். “அந்த நாப்பத்தொண்ணு புள்ளி மூணு ஆராக்கும்?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். ஷைஜா கடைசி நம்பிக்கையாக ஜினோவைக் கூப்பிட்டு, ஒரு தீசிஸைப் பற்றிக் கேட்பதுபோல், இந்தச் சாதனம் எப்போதாவது தப்பி, இல்லாத ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடுமா என்று கேட்டாள்.

“அதுவா ஒண்ணும் சேக்காதுக்கா. ஆராவது சேத்தா தான் சேரும்.”

அன்று நேசபாய் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளை உடைத்தது. “ஆரா இருந்தா என்ன பிள்ளே, எனக்க மவன் சொகமா இருக்கான் இல்லியா” என்றாள் கிழவி, பேதைபோல. ஏழு வருடமாக ஊரோடும் அத்தானோடும் மல்லுக்கட்டியது இந்தச் சுகத்துக்கா என்று ஷைஜாவுக்கு நெஞ்சு எரிந்தது. நேராகக் கடைக்குப் போனாள். யோவானுக்குப் போன் போட்டு வக்கீல் எழுதிய வாசகத்தை அனுப்பச் சொன்னாள். அதை அடிக்கக் கடையில் வேறு சாதனம் இல்லாமலில்லை. கோர்ட்டுக் காகிதமெல்லாம் பழைய சாதனத்தில்தான் அடிப்பாள். அன்று வேண்டுமென்றே சும்மா கிடைத்ததைத் திறந்தாள். என் கணவர் அனீஷ் இறந்துபோனவர், இப்போது எங்கள் வீட்டில் இருப்பவர்கள் நேசபாய், ஷைஜா, லிஜா என்று அடித்தாள். பொத்தானை அமுக்கினாள். வலப்பக்கம் பக்கம் வந்து விழுந்தது. தோளைத் திரும்பிப் பார்த்தாள்: (41.2).

வீட்டுக்குப் போவதற்குள் நேசபாயின் அலறல் சாலை வரை கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த லிஜாவின் தோளைப் பார்த்திருக்கிறாள். மகன் செத்துப்போனான் என்று மார்பில் அடித்துக்கொண்டு கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்தது ஷைஜாதான். அவன் சாகவில்லை மாமி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பிறகு என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்து விழுங்கிவிட்டாள். பாவி, அந்தக் கிழவியின் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே விழுங்கினாள். சபையில் நினைவு ஆராதனை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில், கீழே ஆளில்லாமல், கறுப்புக் கிரானைட்டில் ஒரு கல் வைத்தார்கள். தோட்டம் பாகம் பிரிந்தது. அதன் பிறகு நேசபாய் காலையில் யாருடைய தோளையும் பார்ப்பதில்லை.

மறுவருடம் ஆடி மாதத்தில், மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து அனீஷ் இறங்கினான். கையில் ஒரு ரெக்சின் பை, இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. பஸ் நிலையத்தில் எல்லாருக்கும் எண் இருந்தது, பஸ்ஸுக்கே இருந்தது. இவன் தோளருகே மட்டும் அடைப்புக்குறிக்குள் (??) என்று இரண்டு கேள்விக்குறி நின்றது, குழந்தையின் தோளருகேயும் அப்படியே. இப்படி ஒன்றைக் கருங்கல் அதுவரை பார்த்ததில்லை. ஆட்டோக்காரர்கள் ஏற்றிக்கொள்ளத் தயங்கியதால் நடந்தே வந்தான். பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்தது. கடை வாசலில் நின்று பார்த்த ஷைஜாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தீசிஸில் ஒரு சமன்பாட்டை அழித்துவிட்டு, வேறிடத்தில் அதைச் சுட்டும் வரியை அப்படியே விட்டுவிட்டால், சாதனம் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிதான் போடும். சுட்டும் வரி இன்னும் இருக்கிறது, ஆனால் சுட்டப்பட்டதற்கு இங்கே இடமில்லை என்று அர்த்தம்.

நேசபாய் மகனைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. யோவான் மட்டும் தம்பியின் முழங்காலில் சின்ன வயசில் பட்ட தழும்பு இருக்கிறதா என்று வேட்டியை விலக்கிப் பார்த்தார், இருந்தது, அப்படியும் முகம் தெளியாமல், “காகிதப்படி நீ இல்ல கேட்டியா” என்றார். அனீஷ் தன் கதையைச் சொன்னான். கம்பெனியை விட்டு ஓடியது, பிடிபட்டது, ஜெயில், கடைசியில் வெறுங்கையோடு மும்பைக்கு ஏற்றிவிட்டது. ஊருக்கு வர வெட்கப்பட்டு அங்கேயே கட்டிட வேலையில் ஒயரிங் பார்த்தது. கூட வேலை பார்த்த ஒடிசாக்காரன், பெண்டாட்டியை இழந்தவன், மாடியிலிருந்து விழுந்து இறந்தது. கொட்டகையில் தனியாகக் கிடந்த அவன் குழந்தை ரிங்கியைத் தான் எடுத்துக்கொண்டது, போன வருடம். கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை, மீதிப்பேர் நம்பினாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஷைஜா நம்ப வேண்டுமா? கணக்குப் போட்டாள். குழந்தைக்கு நாலு வயது. எண் ஏறியது போன வருடம். இவன் ரத்தமென்றால் நாலு வருடம் முன்பே ஏறியிருக்க வேண்டும். ஒருத்தி இருந்தால் அவளுக்கும் ஒரு எண் விழுந்திருக்க வேண்டும். ஏறியது ஒன்றே ஒன்று. அந்தச் சும்மா சாதனம் அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, அவள்தான் அதில் ஒரு பொய்யை அடித்திருக்கிறாள். உயிரோடிருந்தவனை அழித்து, பெற்றவளை அழவைத்து, கல்லும் வைத்தாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, அது அழுகையைவிடப் பெரிதாக வந்தது.

“மும்பைலயா இருந்திய?” என்று கேட்டாள். “நான் ஒங்களுக்காக ஊரோட சண்டை பிடிச்சிட்டு கிடந்தேன். நீங்க ஒரு ரயிலு தூரத்துல இருந்திய. ஒரு போன் பண்ண ஒங்களுக்கு கை வரல்ல.”

“வெறுங்கையோட எப்பிடி கூப்பிடுகது ஷைஜா…”

“கைய ஆரு கேட்டா?”

ரிங்கி பசியென்று இந்தியில் அழுதாள். டிவியில் இந்தி கற்றிருந்த லிஜாதான் அதைப் புரிந்துகொண்டு பழம் உரித்துக் கொடுத்தாள். குழந்தை தின்றுகொண்டே, தன் தோளருகே நின்ற கேள்விக்குறிகளைப் பிடிக்கக் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் ஷைஜா கடையில், சும்மா சாதனத்தில் அடித்துவைத்த அந்தக் காகிதத்தைத் திறக்கவில்லை. அங்கன்வாடியில் எண்ணில்லாத பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று திறந்தாள். தன் பெயருக்கு அடுத்ததாக ரிங்கி என்று அடித்தாள். அனீஷ் இறந்துபோனவர் என்ற வரிக்குப் போய் அதை ஒருமுறை படித்தாள். வேறெதையும் மாற்றவில்லை. பொத்தானை அமுக்கினாள்.

அடுத்த நாள் காலையில் ரிங்கியின் தோளருகே (41.3) என்று நின்றது, ஷைஜாவின் (41.2)-க்கு அடுத்து. பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்பதில் ஊருக்கு இனி சந்தேகமில்லை. லிஜா, “எனக்க நம்பர பறிச்சாச்சு” என்று முனகிக்கொண்டே (41.4)-ஐ எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நேசபாய் மருமகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவனையும் எழுது பிள்ளே.”

“எழுதலாம் மாமி. நான் ஏழு வருசம் இருந்தேன் இல்லியா. அவியளும் கொஞ்சம் இருக்கட்டு.”

அனீஷ் இப்போது முன்னறையில் படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்தில் தன் கல்லைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கிப்போட்டுவிட்டு வருகிறான். சாலையில் எங்கே கறண்ட் போனாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏணியில் ஏறி நின்று ஒயரைச் சீவும்போது அந்த இரண்டு கேள்விக்குறியும் அவனோடு மேலே ஏறுகின்றன, வேலை முடிந்ததும் அவனோடு கீழே இறங்குகின்றன.